புல்வெளிச் சில்வண்டும் புறம்போக்கு நிலமும்: சென்னை மேற்குப் புறநகரின் நில வரலாறு

புல்வெளிச் சில்வண்டு என்பது உயரமான மரங்களை நாடாமல் புல்லிலும் குறும்புதர்களிலும் வாழும் சிறிய சில்வண்டு வகைகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இதன் வாழ்நாளின் பெரும்பகுதி மண்ணுக்குள், வேர்களின் அருகே கழிகிறது. ஆகவே பல ஆண்டுகள் உழாமலும் தோண்டாமலும் கிடக்கும் நிலம் இதற்குத் தேவை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அத்தகைய நிலம் மேய்க்கால், மந்தைவெளி, தரிசு, ஏரிப் புறம்போக்கு என்ற பெயர்களில் இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் அந்நிலம் கடந்த முக்கால் நூற்றாண்டில் தொழிற்சாலையாகவும் குடியிருப்பாகவும் மாறியது. இச்சிறு பூச்சியின் தேவையை அறிந்துகொண்டு பார்த்தால், அந்த மாற்றத்தில் எது போனது என்பது தெளிவாகத் தெரியும்.

பெயரும் இனமும்

சில்வண்டு, சிள்வண்டு என்று பேச்சுவழக்கில் வழங்கும் பெயர் பெரும்பாலும் இரண்டு வேறு பூச்சிகளுக்குப் பயன்படுகிறது. இரவில் வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழி வெட்டுக்கிளியின் உறவு. அது ஒரு சிறகின் விளிம்பை மற்றொரு சிறகில் தேய்த்து ஒலி எழுப்பும். பகலிலும் அந்தியிலும் இடைவிடாமல் இரையும் உண்மையான சில்வண்டு மூட்டைப்பூச்சி, அசுவினி ஆகியவை அடங்கிய அரைச்சிறகி வரிசையைச் சேர்ந்தது. ஆண் சில்வண்டின் வயிற்றின் அடியில் இருபுறமும் விறைப்பான சவ்வுகள் உள்ளன. தசைகள் அவற்றை நொடிக்குப் பல நூறு முறை உள்ளிழுத்து விடுவதால் ஒலி பிறக்கிறது. உள்ளீடற்ற வயிற்றறை அதைப் பெருக்குகிறது.

சங்க இலக்கியத்தில் இப்பூச்சிக்கு வழங்கிய பெயர் சிள்வீடு. அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்று, காய்ந்து நின்ற மரத்தில் இருந்து வரும் இதன் ஒலியைத் தேர்மணியின் ஓசைக்கு ஒப்பிடுகிறது. வறண்ட நிலத்தின் அடையாளமாகவே புலவர்கள் இதைக் கண்டனர். மலையாளத்தில் இச்சொல் சீவீடு என்று இன்றும் வழக்கில் உள்ளது. 1850ஆம் ஆண்டில் மலேயாவில் இருந்து விவரிக்கப்பட்ட புரானா டைகிரினா என்ற இனமாக நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்ட ஒரு தென்னிந்தியச் சில்வண்டு தனி இனம் என்று அண்மையில் அறியப்பட்டபோது, அதற்குப் புரானா சீவீடா என்று பெயரிடப்பட்டது. சங்கப் புலவர்கள் ஆண்ட சொல்லின் உறவு ஒன்று இவ்வாறு உயிரியலின் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றது.

மண்ணுக்குள் ஒரு வாழ்க்கை

பெண் சில்வண்டு தன் கூரிய முட்டையிடும் உறுப்பால் தண்டைக் கீறி, அந்தப் பிளவுக்குள் முட்டைகளை வைக்கும். மரத்தில் வாழும் இனங்களுக்குச் சிறு கிளைகள். புல்வெளி இனங்களுக்குப் புல்தண்டும் செடித்தண்டும். முட்டையில் இருந்து வெளிவரும் இளம்பூச்சி தரையில் விழுந்து, மண்ணைத் தோண்டி உள்ளே செல்கிறது. முன்னங்கால்கள் மண்வெட்டி போல் அமைந்திருப்பது இதற்காகவே.

அங்கே அதன் உணவு, வேரில் இருந்து மேலேறும் நீர்ச்சாறு. அச்சாற்றில் சத்து மிகக் குறைவு. ஆகவே வளர்ச்சி மெதுவாக நடக்கிறது. அமெரிக்காவின் சில இனங்கள் 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் இருப்பது உலகப் புகழ்பெற்ற செய்தி. மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் உள்ள கிரெமிஸ்டிகா ரிபோயி என்ற இனம் 4 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வெளிவருகிறது. அது வெளிவரும் ஆண்டுகள் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடக்கும் ஆண்டுகளோடு ஒத்துப்போவதால் 'உலகக் கோப்பைச் சில்வண்டு' என்ற பெயரும் அதற்கு உண்டு. சிறிய புல்வெளி இனங்களுக்கு இவ்வளவு நீண்ட காலம் வேண்டியதில்லை. ஆனாலும் ஓராண்டுக்கு மேல், பெரும்பாலும் சில ஆண்டுகள், அவை மண்ணுக்குள் இருக்க வேண்டியுள்ளது.

வளர்ச்சி முடிந்ததும் இளம்பூச்சி மேலே வந்து, புல்தண்டைப் பற்றிக்கொண்டு தோலுரித்துச் சிறகுடன் பறக்கும். அதன்பின் அதற்கு மிஞ்சுவது சில வாரங்களே. நாம் கேட்கும் இரைச்சல் அந்தச் சில வாரங்களுக்கு உரியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த மண் குலையாமல் இருந்திருந்தால் மட்டுமே அந்த ஒலி எழும்.

காட்டைக் கேட்ட அறிவியல்

சில்வண்டையும் உழாத நிலத்தையும் முதலில் சேர்த்து எழுதியவர்களுள் ஒருவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். விலங்குகளைப் பற்றிய தம் நூலில், இவை தரிசு நிலத்தில் முட்டையிடுவதாக அவர் குறித்தார். பெரியவை, சிறியவை என இரு வகை உண்டு என்றும், சிறியவை முதலில் தோன்றிக் கடைசியில் மறைகின்றன என்றும் எழுதினார். சிறு சில்வண்டுகளைத் தனியே கவனித்த பழமையான குறிப்புகளுள் இது ஒன்று.

தமிழ்நாட்டில் நவீனப் பூச்சியியலின் தொடக்கம் தரங்கம்பாடியோடு இணைந்தது. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்கார்டு கோனிக் 1768இல் அங்கு வந்து, தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இல் எழுதினார். டேனியப் பூச்சியியலாளர் ஃபெப்ரீசியசின் நூல்களில் தரங்கம்பாடியில் இருந்து அனுப்பப்பட்ட பூச்சிகள் பல இடம்பெற்றன. இந்தியச் சமவெளிகளில் மரங்களில் பரவலாகக் காணப்படும் பிளாட்டிப்ளூரா ஆக்டோகுட்டாட்டா என்ற சில்வண்டுக்கு 1798இல் பெயர் வைத்தவரும் அவரே.

சென்னை நகருக்கு வந்தால், மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்து, சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க முயன்றார். வணிகத்துக்குப் பயன்படும் பூச்சியே அப்போது தேடப்பட்டது. இப்போக்கு பிறகும் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளர் பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட பொருளாதாரப் பூச்சியியல் கையேடும் இன்றளவும் மதிக்கப்படுபவை. பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளே அவற்றின் மையம்.

சில்வண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமையாக எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட். கீழைநாட்டுச் சில்வண்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 1889 முதல் 1892 வரை பகுதி பகுதியாக, கல்கத்தா இந்திய அருங்காட்சியக அறங்காவலர்களின் ஆணைப்படி வெளிவந்தது. 1906இல் பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதியிலும் அவர் சில்வண்டுகளைத் தொகுத்தார். ஊசியில் குத்தி உலர்த்திய உடல்களே அவர் கையில் இருந்தவை. சிறகின் நரம்பும் உடலின் அளவும் அவற்றில் தெரியும், குரல் தெரியாது. ஒன்றுபோல் தோன்றும் சிறிய இனங்களைப் பிரித்தறிய உதவுவது பல சமயம் குரலே என்பது ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகு உறுதியாயிற்று.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் சிறிய சில்வண்டுகளுள் ஒன்று லெமுரியானா அபிகேலிஸ். இவ்வினத்தை ஜெர்மனியரான ஜெர்மார் 1830இல் விவரித்தார். 1905இல் இதற்கான பேரினத்தை உருவாக்கியவர் டிஸ்டன்ட். இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதாக 1864இல் கற்பனை செய்யப்பட்டு, பின்னர் தமிழகத்தில் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட லெமூரியாவை இப்பேரினத்தின் பெயர் நினைவூட்டுகிறது.

இந்தியா, வங்கதேசம், பூட்டான், மியான்மர், நேபாளம், இலங்கை ஆகிய ஆறு நாடுகளின் சில்வண்டுகளைத் தொகுத்த முதல் பட்டியல் 2016இல் வெளிவந்தது. அதில் 281 வகைகள் இடம்பெற்றன. டிஸ்டன்டின் தொகுப்பு வந்து நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகே அத்தகைய பட்டியல் கிடைத்தது.

புறம்போக்கு என்ற கணக்கு

அறிவியல் ஒரு பக்கம் பூச்சிகளைப் பட்டியலிட்டது; அரசு மறுபக்கம் நிலத்தைப் பட்டியலிட்டது. ஆற்காடு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். பூவிருந்தவல்லியும் அதில் அடங்கும். தாமசு பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அந்த ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். நன்செய், புன்செய் மட்டுமன்றி ஏரி, குளம், தோப்பு, மலை, காடு, தரிசு, வீட்டுமனை ஆகியவையும் ஊர்வாரியாக அதில் குறிக்கப்பட்டன. ஓர் ஊர் என்பது அதன் வயல் மட்டும் அன்று என்பது அந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

பின்னர் ரயத்துவாரி முறை நிலைபெற்றபோது, தீர்வை தரும் நிலம், தராத நிலம் என்ற பிரிவே முதன்மை பெற்றது. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனது புறம்போக்கு. வண்டிப்பாதை, சுடுகாடு, ஏரி, களம், மேய்க்கால் எல்லாம் இத்தலைப்பின் கீழ் வந்தன. ஊராருக்கு அது பயனற்ற நிலம் அன்று. ஆடுமாடு மேய்வதும், விறகும் கூரைப்புல்லும் எடுப்பதும், மூலிகை பறிப்பதும் அங்கேதான். அருகும் ஊசிப்புல்லும் கோரையும் ஈச்சம்புதரும் பனையும் நின்ற அந்த மண்ணில் ஏர் இறங்கவில்லை. மாடு மேய்ந்தாலும் வேர் அப்படியே இருந்தது. புல்வெளிச் சில்வண்டுக்கு வேண்டிய நிலம் அதுவே.

ஆனால் புறம்போக்கு என்ற சொல் நாளடைவில் யாருக்கும் சொந்தமற்றது, எதற்கும் பயனற்றது என்ற பொருளைப் பெற்றது. மனிதரைத் திட்டும் சொல்லாகவும் ஆனது. விடுதலைக்குப் பின்பும் இந்தப் பார்வை மாறவில்லை. நடுவண் அரசு 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் பாழ்நிலத்தின் வகைகளாகவே குறிக்கப்படுகின்றன.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி

இப்பகுதியின் முதல் பெரிய மாற்றம் ரயில். ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ஆவடி வழியே சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது ஆவடி படைத்துறைக் கிடங்குகளின் இடமாயிற்று. பரந்த வெளி, பக்கத்தில் ரயில், அருகில் நகரம் ஆகிய மூன்றும் ஒருசேர அங்கே கிடைத்தன. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்ததும் ஆவடியிலேயே. ஆவடி என்பது கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று பலர் நம்புகின்றனர். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கு அமைந்தது 1961இல். ஊரின் பெயரோ அதற்கு முந்தையது. ஆகவே அந்த விளக்கம் பின்னாளில் பிறந்தது.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அமைந்த அது, நாட்டின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே பிழைத்தன; கிராமங்களில் இருந்து வந்தவர்கள் தொழில் கற்றனர். அந்தத் தொழிலாளர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. முகப்பேர், அயப்பாக்கம் பகுதிகளில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. வீடுகளுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்காக மேல்மண் வெட்டப்பட்டது. பள்ளமான மனைகள் வேற்றிடத்து மண் கொட்டி மேடாக்கப்பட்டன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மாநகராட்சியின் பரப்பு அப்போது 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று.

தொழிலும் வீடும் வேண்டாதவை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அவற்றுக்கு எந்த நிலம் எளிதில் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. பட்டா நிலத்தை எடுக்க இழப்பீடு தர வேண்டும். புறம்போக்கை வகைமாற்றம் செய்ய ஓர் ஆணை போதும். வயலை இழந்த உழவர் வழக்கு தொடுப்பார். மேய்ச்சலை இழந்த மாட்டுக்காரரிடம் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. மண்ணுக்குள் வேரைப் பற்றிக்கொண்டிருக்கும் இளம்பூச்சியைப் பற்றிப் பேச எவரும் இல்லை.

ஒகினாவா தரும் பாடம்

நிலம் மாறினால் புல்வெளிச் சில்வண்டு கட்டாயம் அழியுமா? ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் நடந்தது இக்கேள்விக்கு எதிர்பாராத விடை தருகிறது. அங்குள்ள மொகானியா மினூட்டா என்ற மிகச் சிறிய சில்வண்டு, நாணல் போன்ற உயரமான புல் வளரும் வெளிகளில் வாழ்ந்துவந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கரும்பு வயல்களில் பெருகி, வேர்ச்சாற்றை உறிஞ்சும் பெருங்கேடாக மாறியது. புல்வெளிப் பூச்சி எப்படிக் கரும்புப் பகையானது என்பதை ஆராய்ந்து இட்டோ, நாகமினே என்ற ஆய்வாளர்கள் 1981இல் ஒரு கருதுகோளை வெளியிட்டனர்.

இதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது, கரும்பும் ஒரு புல். இரண்டாவது, மறுதாம்புக் கரும்பில் வெட்டிய பின் கட்டையைத் தோண்டாமல் மீண்டும் துளிர்க்க விடுவதால், பல ஆண்டுகள் மண் குலைவதில்லை. புல்லின் வேரும் குலையாத மண்ணும் சேர்ந்து கிடைத்ததும் சில்வண்டு அங்கே குடியேறியது. அக்காலத்தில் ஒகினாவாவில் பரவலாகப் பயிரான என்.கோ. 310 என்ற கரும்பு வகைக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் செய்த கலப்பில் கிடைத்த விதையைத் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் வளர்த்துத் தேர்ந்தெடுத்த வகை அது. பெயரில் உள்ள 'கோ' என்பது கோயம்புத்தூர்.

ஆகவே இப்பூச்சி மனிதர் புழங்கும் நிலத்தை வெறுப்பதில்லை. மேய்ச்சலையும் அறுவடையையும் அது தாங்கும். அது தாங்காதது மண்ணைப் புரட்டுவதும், மூடுவதும், மாற்றுவதும். புறநகர்ப் பூங்காவில் செம்மண் பரப்பி விரிக்கும் புல்தரை மேய்க்காலுக்கு ஈடாகாது என்பதற்கும் இதுவே காரணம். அந்த மண் புதியது. முட்டையிடத் தண்டு நீளும் முன்பே இயந்திரம் அதை வெட்டிவிடுகிறது.

குரல் நின்ற பிறகு

பாதுகாப்பு பெற்ற இடத்திலும் இத்தகைய சிற்றினம் மறையக்கூடும். சிகாடெட்டா மொன்டானா பிரிட்டனின் ஒரே சில்வண்டு இனம். 1812இல் நியூ ஃபாரஸ்ட் என்ற பகுதியில் கண்டறியப்பட்ட அது, 1990களுக்குப் பிறகு அங்கு உறுதியாகக் காணப்படவில்லை. அதன் குரல் சுமார் 14 கிலோஹெர்ட்ஸ் அளவில் மிக உயர்ந்த ஒலி. நடுவயதைக் கடந்தவர்களில் பலருக்கு அது காதில் விழாது. 2013இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர், அந்த ஒலியைத் தானே கண்டறியும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கி, காட்டுக்கு வரும் பொதுமக்களிடம் கொடுத்தனர். இப்போது பிரான்சின் நார்மண்டியில் இருந்து அதே இனத்தைக் கொண்டுவந்து வளர்த்து, மீண்டும் நிலைநிறுத்தும் முயற்சி நடக்கிறது. முன்பே இருந்த ஒன்றைக் காப்பதைவிட, இழந்த ஒன்றை மீட்பது கடினம் என்பதற்கு இதுவே சான்று.

மிஞ்சியுள்ள நிலம்

சென்னையின் மேற்கே திறந்த வெளி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளின் கரைகளும் நீர் வடிந்த ஓரங்களும், ரயில் பாதையின் சரிவுகளும், ஆவடியில் வேலியிட்ட பாதுகாப்புத்துறை நிலங்களும் உள்ளன. ஏரிச் சீரமைப்பு என்றால் கரையில் கல் பதித்து நடைபாதை போடுவது என்ற வழக்கம் பரவியுள்ளது. கரையின் ஒரு பகுதியையேனும் மண்ணும் புல்லுமாக விட்டுவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

சட்டத்தின் துணையும் உண்டு. ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பில் இருந்து மீட்டு ஊருக்குத் திருப்பித்தர எல்லா மாநிலங்களையும் பணித்தது.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. புல்தண்டில் ஒட்டியுள்ள காய்ந்த தோலுறை, அந்த இடத்து மண்ணிலேயே ஒரு சில்வண்டு வளர்ந்து வெளிவந்தது என்பதற்கு நேரடிச் சான்று. அதைப் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து வைக்கலாம். கேட்கும் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். உயர்ந்த ஒலிகளைப் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் காது நன்றாகக் கேட்கும் என்பதால், இந்த வேலைக்குப் பள்ளி மாணவர்களே தகுந்தவர்கள்.

பர்னார்டின் அளவையில் தரிசும் தோப்பும் வயலுக்கு இணையாக எண்ணப்பட்டன. பின்வந்த கணக்குகள் அவற்றைப் புறத்தே தள்ளின. இன்று ஒரு வெற்றிடத்தில் புல்வெளிச் சில்வண்டு இரைந்தால், அங்கே சில ஆண்டுகளாக யாரும் மண்ணைத் தொடவில்லை என்று பொருள். பட்டாவிலும் சிட்டாவிலும் இல்லாத அந்த விவரத்தை அறிவிக்கும் அடையாளம் அந்தச் சிறு ஒலி.